முதலில் க்யூபை அவர் கையில் கொடுங்கள்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் க்யூபும் கையுமாகத் திரியும் தம்பி தங்கைகளுக்கு,

விம்கோ நகரில் மெட்ரோ ஏறி வண்ணாரப்பேட்டையில் இறங்குவதற்குள் க்யூபைப் பலமுறை கலைத்து, பலமுறை சேர்த்துவிடுகிறீர்கள். எதிர் சீட்டில் இருப்பவர் முதல் தடவை நிமிர்ந்து பார்க்கிறார். இரண்டாவது தடவை பாதிப் பார்வைதான். மூன்றாவது தடவை வருவதற்குள் கைபேசிக்குப் போய்விடுகிறார். அவர் பார்த்ததும் உங்களுக்குத் தெரியாது, பார்ப்பதை நிறுத்தியதும் தெரியாது. உங்கள் கண் க்யூபிலேயே இருந்தது. இந்த மடல் அந்த எதிர் சீட்டுக்காரரைப் பற்றியது.

நான் சீட்டுக்கட்டு ஆள். ஷிப்ட் வேலைக்கு நடுவே கற்றுக்கொண்டதை டீக்கடை பெஞ்சிலும், கல்யாண வீட்டில் பந்தி முடிந்த மேசையிலும் காட்டிக்கொண்டிருப்பவன். க்யூபைச் சேர்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது உங்கள் வயதுப் பிள்ளைகள்தான். இன்றைக்கும் எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ‘அங்கிள், டைமர் போடவா?’ என்று கேட்டுச் சிரிக்கிறீர்கள், போடுங்கள். பதிலுக்கு என்னால் தரமுடிவது ஒன்றுதான்: எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நிற்கும் ஒரு மனிதருக்கு வித்தை காட்டுவது பற்றிச் சில விஷயங்கள்.

வேகத்தைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. 1982இல் புடாபெஸ்ட் நகரில் நடந்த முதல் உலகப் போட்டியில் மின் தாய் என்ற இளைஞர் 22.95 நொடியில் சேர்த்து வென்றார். 2023 ஜூனில் மேக்ஸ் பார்க் 3.13 நொடியில் சேர்த்தார், அதையும் பின்னால் சிறுவர்கள் முறியடித்துவிட்டார்கள். இருபத்திரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எத்தனை ஆயிரம் மணி நேர உழைப்பு இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியும். ஆனால் காசிமேட்டில் கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு இரண்டும் ஒன்றுதான். ‘சீக்கிரமா செஞ்சுட்டான்’ என்பார். அதைத் தாண்டி அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை. வேகத்தைப் புரிந்துகொள்ளப் பார்ப்பவரும் க்யூபராக இருக்கவேண்டும். வித்தைக்கு அது வேண்டாம். க்யூபைத் தொட்டே பார்க்காத ஒருவர் போதும், சொல்லப்போனால் அவர்தான் வேண்டும்.

ஸ்டீவன் பிரண்டேஜ் என்ற அமெரிக்கரின் வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பென், டெல்லர் என்ற இரண்டு மூத்த வித்தைக்காரர்கள் உட்கார்ந்து, வருகிறவர்களின் வித்தை எப்படி நடந்ததென்று கண்டுபிடிக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2015இல் அதில் க்யூபோடு போய் இருவரையும் ஏமாற்றிவிட்டு வந்தவர் அவர். அடுத்த ஆண்டு ‘அமெரிக்காஸ் காட் டேலண்ட்’ மேடையிலும் ஏறினார். கலைந்த க்யூபைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும்போது அது சேர்ந்திருக்கும். பார்வையாளர் ஒரு க்யூபைத் தன் இஷ்டத்துக்குக் கலைப்பார், இவரிடம் இருக்கும் க்யூபும் ஆறு பக்கமும் அப்படியே கலைந்திருக்கும். இதெல்லாம் எப்படி என்று இங்கே எழுதமாட்டேன். அதை விற்று வயிறு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், உழைத்துக் கண்டுபிடித்தவர்களின் சொத்து அது. வேண்டுமென்றால் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று சொல்லலாம். க்யூபை நேர்மையாகச் சேர்க்கத் தெரியாத ஒருவர் அந்த வித்தைகளில் தேறமுடியாது. நீங்கள் ஏற்கெனவே பாதித் தூரம் வந்துவிட்டவர்கள்.

எந்த ரகசியமும் வேண்டாத ஒரு பாதியும் உங்களிடம் இருக்கிறது. ஆர், யூ, ஆர் ப்ரைம், யூ ப்ரைம் என்ற நான்கு திருப்பலை நீங்கள் தூக்கத்திலும் செய்வீர்கள். சேர்ந்த க்யூபில் அதை ஆறு தடவை செய்தால் க்யூப் பழையபடி சேர்ந்துவிடும். வெறும் ஆர், யூ என்று இரண்டையே மாற்றி மாற்றிச் செய்துகொண்டே போனால் 105 சுற்றில் திரும்பும். ஆர், யூ ப்ரைம் என்றால் 63. எந்தத் தொடரை எடுத்தாலும் சரி, விடாமல் செய்தால் 1260 சுற்றுக்குள் தொடங்கிய இடத்துக்கு வந்தே தீரும். அதற்கு மேல் போகும் தொடர் க்யூபில் இல்லை. கணக்குப் பாடம்தான், ஏமாற்று எதுவும் இல்லை. இதையே பார்ப்பவர் கையில் க்யூபைக் கொடுத்து அவரையே செய்யவைத்துப் பாருங்கள். அவர் விரலுக்கு அடியில் ஆறு நிறமும் உடைந்து சிதறும், முகம் கறுக்கும், ‘கெடுத்துட்டேன் தம்பி’ என்பார். நீங்கள் ஒன்றும் செய்யாமல் ‘இன்னும் ஒரு தபா, இன்னும் ஒரு தபா’ என்று எண்ணிக்கொண்டிருங்கள். ஆறாவது முடிந்ததும் க்யூபைப் பார்க்காதீர்கள், அவர் முகத்தைப் பாருங்கள். உங்கள் மொத்த டைமர் பதிவிலும் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கும்.

பேச்சைப் பற்றிச் சொல்லவேண்டும். க்யூபர்கள் வாயைத் திறந்தால் முதலில் வருவது அந்தப் பெரிய எண்: 4,32,52,00,32,74,48,98,56,000. அத்தனை விதமாகக் கலையும், ஆனால் எதையும் அதிகபட்சம் இருபதே திருப்பலில் சேர்க்கலாம் என்று 2010இல் கணினி வைத்து நிரூபித்தார்கள் என்பது அடுத்தது. இரண்டும் உண்மை, இரண்டும் அருமையான விஷயம். தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். வித்தைக்கு நடுவில் எண் சொன்னால் பார்ப்பவர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய்விடுவார். அதற்குப் பதில் எர்னோ ரூபிக்கின் கதையைச் சொல்லுங்கள். 1974இல் புடாபெஸ்டில் கட்டடக்கலை, வடிவமைப்பு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வாத்தியார் அவர். தானே செய்த பொருளைத் தானே கலைத்துவிட்டுச் சேர்க்கத் தெரியாமல் ஒரு மாத அளவுக்குத் திண்டாடினார். ‘செஞ்ச ஆளுக்கே தெரியல அண்ணே, நீங்க கவலப்படாதீங்க’ என்று சொல்லிக்கொண்டே க்யூபை நீட்டினால், தயங்கி நின்ற கையும் வாங்கிக்கொள்ளும்.

அந்த நீட்டல்தான் இதில் முக்கியம். உங்கள் க்யூப் வீடியோக்கள் எல்லாம் சேர்ப்பதைப் பற்றியவை. நேரில் பார்ப்பவருக்கு வித்தை அங்கே இல்லை, கலைப்பதில்தான் இருக்கிறது. நீங்களே கலைத்து நீங்களே சேர்த்தால் உலகச் சாதனை வேகமாக இருந்தாலும் அவர் மனசுக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடும்: ‘அவனே பிரிச்சான், அவனே சேத்தான், இதுல என்ன?’ அவரே கலைத்த க்யூப் என்றால் அது அவருடைய குழப்பம். அதை நீங்கள் எடுத்துப் போகிறீர்கள். அதனால் க்யூப் அவர் கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள். ஆசை தீரத் திருகட்டும். பக்கத்தில் நிற்பவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள், அவரும் திருகட்டும். நாலு கை மாறி வந்த க்யூபுக்கு நாலு சாட்சி இருக்கிறது.

அந்த நாலு கையில் ஒன்று வம்பு பிடித்த கையாக இருக்கும். நம் பக்கத்தில் கட்டாயம் இருக்கும். யாரும் பார்க்காதபோது ஒரு மூலைக்கட்டையை மட்டும் இடத்திலேயே திருகிவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் திருப்பிக் கொடுப்பார். அப்படித் திருகிய க்யூபை எந்த அல்காரிதத்தாலும் சேர்க்கமுடியாது. கழற்றிக் கண்டபடி மாட்டிய க்யூப் சேரக்கூடிய நிலையில் இருக்கப் பன்னிரண்டில் ஒரு வாய்ப்புதான். உங்களுக்கு இது தெரியும், ஆனால் தெரிந்துகொள்வது கடைசி நொடியில்: எல்லாம் சேர்ந்திருக்க, ஒரே ஒரு மூலை முறைத்துக்கொண்டு நிற்கும். போட்டிப் பிள்ளைகள் இந்த இடத்தில் கோபப்படுகிறார்கள், ‘யாரோ கார்னர் ட்விஸ்ட் பண்ணிட்டாங்க’ என்று புலம்புகிறார்கள். புலம்பினால் வித்தை செத்தது. திருகியவர் யாரென்று உங்களுக்கு ஏறத்தாழத் தெரியும், ஏனென்றால் இந்நேரம் அவர் மட்டும்தான் சிரிக்காமல் இருப்பார். க்யூபை அவர் முன்னால் நீட்டி, ‘அண்ணே, இந்த மூலை உங்க கைக்குத்தான் கட்டுப்படும்போல, நீங்களே ஒரு திருகு திருகுங்க’ என்று கொடுங்கள். அவர் திருகியதும் ஆறு பக்கமும் சேரும். நீங்கள் தனியாகச் சேர்த்திருந்தால் கிடைத்திருப்பதைவிடப் பெரிய கைதட்டல் அது. அவரும் உங்கள் ஆளாகிவிடுவார். மாறாக, கூட்டத்தின் முன் அவரைப் பிடித்துக்கொடுத்தால், நம்மூரில் அது எங்கே போய் முடியுமென்று நான் சொல்லவேண்டியதில்லை. கலாய்ப்பதற்கும் மானத்தை வாங்குவதற்கும் நடுவில் உள்ள கோடு இங்கே மெல்லியது.

இங்கே இருக்கும் பார்வையாளர்களைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு. விரலைப் பார்க்கத் தெரிந்த ஜனங்கள் இவர்கள். 1991இலும் 1995இலும் கேரம் உலகச் சாம்பியனாகி, 1996இல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயத்தின் ஊர் இது. 2024இல் அமெரிக்கா போய் மூன்று தங்கம் வாங்கிவந்த காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநர் மகள். தெருமுனை கேரம் போர்டைச் சுற்றி நிற்பவர்கள் ஸ்ட்ரைக்கரைப் பார்ப்பதில்லை, அடிப்பவர் சுட்டுவிரலைப் பார்க்கிறார்கள். வலை பின்னும் பெரியவர்கள் அதற்கும் மேல். கண்ணை மூடிக்கொண்டு கண்ணி எண்ணும் விரல் அவர்களுடையது, உங்கள் கட்டைவிரல் தேவையில்லாமல் அரை அங்குலம் நகர்ந்தாலும் கேட்டுவிடுவார்கள். போதாததற்கு, ஆலைப் பக்கமிருந்து காற்றில் நெடியடித்துக் கண் எரியும்போதும் ‘ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போங்கள்’ என்று சொல்லக் கேட்டுப் பழகிய ஊர் எண்ணூர். சொல்வதை நம்பாமல் கையைப் பார்ப்பது இங்கே பிழைக்கும் வழி. இவர்கள் முன்னால் எடுபட்ட வித்தை எங்கும் எடுபடும்.

எங்கே, எப்போது என்று கேட்பீர்கள். அதிகாலை ஏல நேரத்தில் காசிமேட்டுப் பக்கமே தலைவைக்காதீர்கள். அப்போது ஒவ்வொரு நிமிடமும் காசு, ஈரக் கையில் யாரும் க்யூப் வாங்கமாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் உங்கள் காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். பெயிண்ட் அடிப்பது, இன்ஜின் பார்ப்பது, வலை சரிசெய்வது என்று வேலை இருந்தாலும் மனிதர்களுக்கு உட்கார நேரம் இருக்கும். உங்களுக்கோ கோடை விடுமுறை. இப்படிப் பொருந்திவரும் இரண்டு மாதம் கடல் இல்லாத எந்த ஊர் வித்தைக்காரருக்கும் இல்லை. ஆனால் ஒன்று, வருமானம் நின்ற காலம் அது. தட்டை நீட்டாதீர்கள்.

இன்னொரு கூட்டம் எண்ணூர் விரைவுச் சாலையில் இருக்கிறது. துறைமுகத்துக்குள் போக மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர்கள். ஆந்திரா, பீகார், உத்தரப் பிரதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள். நமக்கு அவர்கள் மொழி தெரியாது, அவர்களுக்கு நம் மொழி அரைகுறை. க்யூபுக்கு மொழி வேண்டாம், ஆறு நிறம் எல்லாருக்கும் தெரியும். லாரிகளுக்கு நடுவில் மட்டும் போய் நிற்காதீர்கள். வண்டி எப்போது நகருமென்று யாருக்கும் தெரியாது, உயரத்தில் இருக்கும் ஓட்டுநர் கண்ணுக்கு நீங்கள் தெரியவும் மாட்டீர்கள். அவர்கள் இறங்கி வரும் டீக்கடையில் நில்லுங்கள்.

பொருள் பற்றிக் கொஞ்சம். ஈவினிங் பஜார், சௌகார்பேட்டைப் பக்கம் வாங்கும் மலிவு க்யூப் வித்தைக்கு உதவாது. பாதித் திருப்பலில் சிக்கினால் உங்கள் கண் அதன்மேல் போகும், பார்ப்பவர் கண்ணும் கூடவே போகும். காந்தம் வைத்த நல்ல க்யூப் ஒரே மாதிரி இரண்டு இருந்தால் போதும். அந்த க்யூபைக் கடலோரம் கொண்டுபோனால் வீட்டுக்கு வந்ததும் துடையுங்கள், உள்ளே இருக்கும் திருகாணியும் ஸ்பிரிங்கும் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். மஞ்சள் சோடியம் விளக்கு எரியும் தெருவில் மாலைக்குமேல் எடுக்காதீர்கள். அந்த வெளிச்சத்தில் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகிவிடும், ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றாகிவிடும், நீங்கள் சேர்த்ததைச் சேர்த்ததாக யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பகலிலேயேகூட ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. ஒருவர் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை என்றால் அதுவும் காரணமாக இருக்கலாம், அவரை மொக்கை ஆள் என்று நினைத்துவிடாதீர்கள்.

‘இன்னொரு தபா காட்டு’ என்பார்கள். சீட்டுக்கட்டில் நாங்கள் கடைப்பிடிக்கும் பழைய விதி உங்களுக்கும் பொருந்தும்: அதையே திரும்பக் காட்டாதே. முதல் தடவை அவர் என்ன நடக்கப்போகிறதென்று தெரியாமல் பார்த்தார். இரண்டாவது தடவை எங்கே பார்க்கவேண்டும் என்று தெரிந்து பார்ப்பார். சிரித்துக்கொண்டே வேறொன்றைக் காட்டுங்கள். மூன்று வித்தை தெரிந்தால் ஒரு மாலை ஓடும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

கண்ணைக் கட்டிக்கொண்டு க்யூப் சேர்ப்பதில் உங்களில் பலர் தேறியிருக்கிறீர்கள். பார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய மாயம் இல்லை. எப்படிச் செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்: மூலைகளின் 24 ஸ்டிக்கருக்கும் விளிம்புகளின் 24 ஸ்டிக்கருக்கும் ஆளுக்கொரு எழுத்து வைத்து, இரண்டிரண்டு எழுத்தாகக் கதை கட்டி மனப்பாடம் செய்வது. (இடையில் ஒரு யோசனை: ஆங்கில எழுத்தை ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள்? க, ட, ப, ம, ர, வ என்று உயிர்மெய்யாக 24 எடுத்துக்கொண்டால் எந்த இரண்டைச் சேர்த்தாலும் வாய்க்கு வரும். ‘கட’ என்றால் கடல், ‘பட’ என்றால் படகு, ‘வட’ என்றால் வடை, ‘மர’ என்றால் மரம். கடலில் படகு, படகில் வடை என்று கதை தானாக ஓடும்.) உலகின் முன்னணி ஆட்கள் மனப்பாடம் செய்யும் நேரத்தையும் சேர்த்து 15 நொடிக்குள் முடிக்கிறார்கள்.

இது நமக்குப் புதிதும் அல்ல. 1907 மார்ச் 10 அன்று, சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய விக்டோரியா பொது மண்டபத்தில் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்துகாட்டினார். கேள்விக்குப் பதில், கேட்டமாத்திரத்தில் வெண்பா, கணக்கு, முதுகில் விழும் பொருளை எண்ணுவது என்று ஒரே நேரத்தில் நூறு பக்கம் கவனம் வைக்கும் கலை அது. 2019இல் இதே சென்னையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வைரமுத்துவின் கவிதைகளைச் சொல்லிக்கொண்டே, கண்ணைக் கட்டியபடி 2x2 க்யூபைச் சேர்த்தாள். அவளுக்கே தெரியாமல் அவள் பாவலரின் பேத்தி. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று இளையராம் சேகர் என்ற சென்னை இளைஞர் தண்ணீருக்கு அடியில் ஒரே மூச்சில் ஆறு க்யூப்களைச் சேர்த்துக் கின்னஸில் இடம்பிடித்தார், 2 நிமிடம் 17 நொடி. இவை எதிலும் மறைவு இல்லை. நினைவும் மூச்சும் பழக்கமும்தான்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு கண்கட்டு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாடு முழுக்க ‘மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்’ என்று வகுப்புகள் முளைத்தன. குழந்தையின் நடு மூளையைத் தூண்டிவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டே நிறம் சொல்லும், எழுத்துப் படிக்கும் என்றார்கள். பெற்றோர் பல ஆயிரம் ரூபாய் கட்டினார்கள். மூக்குக்கும் கட்டுக்கும் நடுவில் எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும், அது வழியாகக் கீழே பார்க்கலாம் என்பது மேடை வித்தைக்காரர்களின் அரிச்சுவடி. கன்னத்துக்குக் கீழே ஓர் அட்டையை நீட்டினால் அந்த ‘ஞானக்கண்’ அப்படியே அணைந்துவிடும் என்று நரேந்திர நாயக் போன்ற பகுத்தறிவாளர்கள் மேடை மேடையாகக் காட்டினார்கள். உலக க்யூப் சங்கத்தின் போட்டி விதியை யோசித்துப் பாருங்கள்: போட்டியாளர் கண்ணைக் கட்டிய பிறகும் நடுவர் அவர் முகத்துக்கும் க்யூபுக்கும் நடுவே ஒரு தாளையோ அட்டையையோ பிடிக்கவேண்டும். அந்த ஓர் அட்டைதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். இதில் எனக்கு ஆறாத கோபம் பெற்றோர்மேல் இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தான் எட்டிப்பார்க்கிறோம் என்று தெரியும். அம்மா அப்பா சந்தோஷப்படுகிறார்களே என்று அது வாயை மூடிக்கொண்டிருக்கும். வகுப்பு நடத்தியவர்கள் பொய்யைத் தாங்கும் வேலையைக் குழந்தையின் தலையில் வைத்தார்கள்.

நடுவில் நிற்பது வித்தை. வித்தைக்காரரும் மறைக்கிறார், ஆனால் மறைக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறைக்கிறார். இந்த மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பொருள் க்யூப். சீட்டுக்கட்டில் எனக்கு இந்தச் சிக்கல் கிடையாது. நான் சீட்டை எடுத்தாலே ‘ஏதோ பண்றான்’ என்று தெரிந்துதான் பார்க்கிறார்கள். நீங்கள் க்யூபை ஒரு நொடியில் சேர்த்துக் காட்டினால், ‘பையனுக்கு மூளை, ஐஐடி போவான்’ என்கிறார்கள். அது வித்தையாக இருந்தாலும் மூளை என்றே நம்புகிறார்கள். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடுவது ரொம்பச் சுலபம். கூட்டத்தில் நிற்கும் ஓர் அப்பா வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளையிடம், ‘அந்தப் பையன் ஒரு செகண்ட்ல போடுறான், நீ எதுக்கு லாயக்கு?’ என்று கேட்பதை உங்களால் பார்க்கமுடியாது. அதனால் வித்தை காட்டும்போது ‘இது வித்தை’ என்று சொல்லுங்கள். உண்மையில் சேர்க்கும்போது ‘இது பழக்கம்’ என்று சொல்லுங்கள். எப்படி என்று சொல்லவேண்டாம், எது என்று சொன்னால் போதும். சொன்னால் ஆச்சரியம் குறையுமோ என்று பயப்படாதீர்கள். வித்தை என்று தெரிந்தே பார்க்கும் ஆள்தான் இன்னும் உன்னிப்பாகப் பார்த்து, இன்னும் பலமாக ஏமாறுவார்.

உங்கள் தாத்தாக்கள் பார்த்த மோடி மஸ்தான் இதைச் செய்யவில்லை. தரையில் வட்டம் போட்டு, துணிக்கு அடியில் பையனைப் படுக்கவைத்து, கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடுகிறேன் என்று ஒரு மணி நேரம் கூட்டத்தைக் கட்டிப்போடுவார். இடையில் யாராவது நகர்ந்தால் ரத்தம் கக்குவாய் என்று மிரட்டல். சண்டை கடைசிவரை வராது, தாயத்துதான் வரும். பேச்சில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், கூட்டத்தை எங்கே நிறுத்தவேண்டும், எப்போது குரலை இறக்கவேண்டும் என்பதை அவரிடம்தான் கற்கவேண்டும். தாயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதே உத்திகளைத் தலைகீழாகப் பயன்படுத்தியவர் கோவை போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த். விபூதி வரவழைப்பது, நெருப்பை விழுங்குவது என்று சாமியார்கள் காட்டிய அற்புதங்களையெல்லாம் ஊர் ஊராகப் போய்ச் செய்துகாட்டி, ‘இது வித்தை, நீங்களும் செய்யலாம்’ என்றார். 2009இல் சாகும்வரை அதுதான் அவர் வேலை. கூட்டம் அவருக்கும் கூடியது.

காசு விஷயத்தையும் பேசிவிடுவோம். 1810களில் லண்டன் போய் வித்தை காட்டிப் புகழ்பெற்ற ஒருவரை ஆங்கிலேயர் ‘ரமோ சாமி’ என்று எழுதிவைத்தார்கள். நம் ராமசாமிதான். பித்தளைப் பந்துகளை அவரைப் போன்ற இந்திய வித்தைக்காரர்கள் வீசிப் பிடித்த நேர்த்தியைப் பார்த்துவிட்டு வில்லியம் ஹாஸ்லிட் என்ற பெரிய கட்டுரையாளர், இவ்வளவு குறையில்லாமல் தன்னால் எதைச் செய்யமுடியும் என்று தன் எழுத்தையே சந்தேகப்பட்டுக் கட்டுரை எழுதினார். அந்த ராமசாமி 1850இல் லண்டனில் இறந்தபோது அடக்கம் செய்யக் காசில்லாமல் மனைவி பத்திரிகை வழியாக உதவி கேட்டார். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. வித்தையை நம்பிப் படிப்பை விடாதீர்கள் என்று உங்கள் அம்மா சொல்வதை நானும் சொல்கிறேன், அவ்வளவுதான். பிறந்தநாள் விழாவுக்குக் கூப்பிட்டால் போங்கள், ‘சும்மா வந்து காட்டு’ என்றால் காட்டாதீர்கள், பந்தல்காரருக்குச் சும்மா சொல்வார்களா?

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. போட்டிகளில் உங்களைப் பார்க்கிறேன், தெருவில் வித்தை காட்டிப் பார்ப்பதில்லை. டீக்கடையும் லாரி வரிசையும் உங்களுக்குச் சரிப்படாது என்று வீட்டில் சொல்வார்கள், எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. ஆனால் சாயங்காலம் குழாயடியிலும், ரேஷன் கடை வரிசையிலும், சுயஉதவிக்குழுக் கூட்டம் தொடங்குவதற்கு முன் காத்திருக்கும் நேரத்திலும் இருக்கும் பெண்களுக்கு இதுவரை யாரும் வித்தை காட்டியதில்லை. மோடி மஸ்தான் வட்டத்தில் அவர்கள் எப்போதும் கடைசி வரிசை. அந்தக் கூட்டம் முழுக்க உங்களுடையது, எங்களால் அங்கே வரமுடியாது.

வருகிற தடைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் எல்லாரும் உட்கார்ந்து பேசினால் நன்றாக இருக்கும். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஏதாவது ஒரு திண்ணை கிடைக்கும். டைமர் வேண்டாம். ஆளுக்கொரு வித்தை, அதைப் பார்க்க க்யூப் தெரியாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்: அத்தை, தாத்தா, மாடி வீட்டு அண்ணன், யாராக இருந்தாலும் சரி. கண்கட்டு காட்டுகிறவர்கள் அட்டையும் கொண்டுவாருங்கள், பிடிக்க நான் இருக்கிறேன்.

அன்புடன்,
திருவொற்றியூர்ச் சீட்டுக்கட்டுக்காரன்